விழுங்குகிற வேலை

அப்பா, நீங்கள் எங்களிடம் பொய் சொல்லிக்கொண்டே செத்துப்போனீர்கள்.

இத்தனை வருடமாக இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா சொல்லமாட்டாள். தம்பி சுதனுக்கு உங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டவேண்டும். நானும் சும்மாதான் இருந்தேன், போன திங்கட்கிழமை வரைக்கும். அன்று காலையில் துவைப்பதற்காகச் சுதனின் சட்டையை வாளியில் போடப்போனேன். கைமடிப்பிலிருந்து அந்த வாசனை வந்தது. வெயிலில் இளகின வெல்லம், நனைந்து காய்ந்த சாக்கு, அதற்கு மேல் வியர்வை. உங்கள் சட்டையின் வாசனை. மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது உங்கள் ஞாபகம் இல்லை, பயம். வாளியைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பி.காம். பாக்கிப் பேப்பர் எழுதுவதற்கு டியூஷன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பையனின் சட்டையில் நீங்கள் வேலை பார்த்த ஆரியசாலை வெல்லக் கடையின் வாசனை எப்படி வந்தது என்று யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

உங்கள் வேலையைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நான் டைப் அடிக்கிற டிடிபி சென்டரில் கூட இருக்கும் பெண்களிடம் ஒருநாள் சொன்னேன். "அய்யோ, அப்பனுக்கு என்னா சுகம்! நாள் முழுக்க இனிப்பு தின்னா சம்பளமா?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்துவைத்தேன். பழனிப் பக்கத்திலிருந்தும் மறையூரிலிருந்தும் லாரி வரும். சிப்பம் சிப்பமாக இறக்கி அடுக்குவார்கள். கொள்முதலுக்கு ஆள் வந்து நின்றால் முதலாளி உங்களைப் பார்ப்பார். நீங்கள் ஒரு சிப்பத்தின் வாயைப் பிரித்து, ஒரு உருண்டையைக் கட்டைவிரலால் உடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவீர்கள். பிறகு சொல்வீர்கள். உப்புக் கரிக்கிறது. போன வருடத்துச் சரக்கு. வெளுப்பாக்குவதற்கு மருந்து போட்டிருக்கிறான். இது பாயசத்துக்கு ஆகும், அது பேக்கரிக்குத்தான் ஆகும்.

நெடுமங்காட்டிலிருந்தும் ஆற்றிங்கலிலிருந்தும் வருகிற வியாபாரிகள் உங்கள் பேச்சைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அவர்கள் உங்கள் தொண்டையைப் பார்த்தார்கள். வெல்லம் உள்ளே இறங்கினால் சரக்கு நல்லது. ருசி பார்க்கிறவன் துப்பினால் அந்த லோடே கெட்டது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் அந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் அதுதான் சட்டம். பல்லுக்கு அடியில் கல் கடிபட்டால்கூட நீங்கள் நாக்கால் ஒதுக்கி, வெல்லத்தை விழுங்கிவிட்டுத்தான் கல்லை எடுப்பீர்கள்.

உங்களுக்கு ஷுகர் என்று தெரியவந்தபோது நான் பத்தாம் வகுப்பு. தண்ணீர் தாகமும் தலைசுற்றலும் பொறுக்காமல் டாக்டரிடம் போனீர்கள். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களைக்குள் போய்ச் சீனி டப்பாவை எடுத்து எதிர்வீட்டு ஓமனச் சேச்சியிடம் கொடுத்துவிட்டீர்கள். டப்பாவோடு. அம்மா பின்னாலேயே ஓடினாள்.

"டப்பாவயாவது திருப்பி வாங்குங்க."

"டப்பாவப் பாத்தா சீனி ஞாபகம் வரும். போட்டும்."

அன்றிலிருந்து வீடு மாறியது. சாயங்காலம் ஆனால் சப்பாத்தி. மத்தியானம் சோறு பாதி, மிச்சம் முருங்கைக்கீரையும் பாவக்காயும். தேங்காய்ச் சட்னி போய்விட்டது. காலையில் எங்கள் மணக்காட்டுச் சந்திலிருந்து கிளம்பிக் கோட்டை மதிலை ஒட்டி நடந்து, புத்தரிக்கண்டம் மைதானத்தைச் சுற்றி வருவீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை வீசி வீசி நீங்கள் நடப்பதைப் பார்த்து டீக்கடைக்காரர் கூவுவார்: "அண்ணாச்சி, பஸ் போயாச்சு கேட்டோ! இனி ஓடிட்டுக் காரியமில்ல!" நீங்கள் நிற்காமலே பதில் சொல்வீர்கள்: "பஸ்ஸுக்கு இல்லடே. யமனுக்கு முன்னால ஓடுதேன்."

என்னையும் சில நாள் கூட்டிப்போனீர்கள். உங்கள் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. திரும்பிப் பார்த்து, "மக்களே, காலை எடுத்து வச்சு நட. இந்த நோய் சோம்பேறிக்குத்தான் வரும், கேட்டியா?" என்பீர்கள். நான் அதை நம்பினேன். நீங்கள் சோம்பேறி இல்லையே, அப்படியானால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். சுதன் பள்ளிக்கூட வாசலில் பழம்பொரி தின்றதைப் பார்த்துவிட்டு அவன் காதைப் பிடித்துத் தெரு வழியாக இழுத்து வந்தீர்கள். வீட்டில் நாங்கள் நாலு பேரும் உங்கள் நோய்க்குப் பத்தியம் இருந்தோம். ஓணத்துக்குக்கூட அம்மா பாயசம் வைக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் பிரதமன் கொதிக்க, எங்கள் வீட்டில் ரவை உப்புமா.

ஆனால் ஷுகர் இறங்கவில்லை.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுபடி பார்த்தார். மறுபடி கூட்டினார். கடைசியில் அம்மாவை உள்ளே கூப்பிட்டார். நானும் கூட இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். வெளியே வராந்தா நிறைய ஆள். "சேச்சி, சத்யம் பறயணம். வீட்டில் என்னதான் கொடுக்கிறீங்க? பாசம் காட்டிப் புருஷனைக் கொன்னுடாதீங்க" என்றார். அம்மாவின் மலையாளம் கடைக்குப் போய் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். குற்றத்தை ஒத்துக்கொண்டதுபோல இருந்தது.

நீங்கள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா, சப்பாத்தியில் தடவுகிற துளி எண்ணெயையும் நிறுத்தினாள். காய்ந்த சப்பாத்தியை நீங்கள் பிய்த்துத் தின்றதை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. இன்று நினைத்தால் எரிகிறது.

அடுத்த ஓணத்துக்கு முந்தின வாரம் நான் கடைக்கு வந்தேன். நீங்கள் மாத்திரையை மறந்துவிட்டுப் போயிருந்தீர்கள், அம்மா என்னை அனுப்பினாள். தெருவே அடைத்துக் கிடந்தது. மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் தள்ளுவண்டிக்கு வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்கு முன்னால் வியாபாரிகள் வரிசையாக நின்றார்கள். நீங்கள் சிப்பங்களுக்கு நடுவே நின்று ஒரு துண்டு, விழுங்கல், ஒரு பேச்சு. அடுத்த சிப்பம். ஒரு துண்டு, விழுங்கல். ருசி பார்ப்பது என்றால் நாக்கில் தொட்டுப் பார்ப்பது என்றுதான் அதுவரை வீட்டில் நினைத்திருந்தோம். ஓமனச் சேச்சிக்குக் கொடுத்த டப்பாவில் இருந்த சீனி முழுவதையும் ஒரு மத்தியானத்துக்குள் நீங்கள் தின்று முடித்திருப்பீர்கள். தரையெல்லாம் பிசுபிசுப்பு. அதன்மேல் வெறுங்காலோடு நின்றீர்கள். சரக்கு இருக்கிற இடத்தில் செருப்புப் போடக்கூடாதாம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அப்பா, நீங்க வெல்லம் தின்னுதீங்க."

"யாரு சொன்னா?"

"நான் பாத்தேன்."

நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, ஏதோ சின்னப் பிள்ளைக்குப் புரியவைக்கிறவர் போலச் சொன்னீர்கள். "அது தீனி இல்லட்டி. அது ஜோலி. தச்சன் மரத்தூள முழுங்காமலா மரம் அறுக்கான்? நாக்குல வைக்கது சாப்பாட்டுக் கணக்குல வராது."

நீங்கள் அதை உண்மையிலேயே நம்பினீர்கள் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், நீங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பதில் சொன்னீர்கள். காலையில் என்ன, மத்தியானம் என்ன, இரவில் என்ன என்றுதான் அவர் கேட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருதரமும் கேட்கவில்லை. சீட்டில் "கடைத் தொழிலாளி" என்று எழுதியிருந்தது, அது போதுமென்று நினைத்தார். ஆனால் அம்மா திட்டு வாங்கியபோது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அப்பா. அந்தக் குழந்தைப் படத்தை நீங்கள் அவ்வளவு நேரம் பார்த்ததற்கு வேறு காரணம் கிடையாது.

நான்தான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ருசி பார்த்துட்டுத் துப்பச் சொல்லு, மோளே. வாயைக் கொப்பளிக்கச் சொல்லு. வேறென்ன சொல்ல?" என்றார்.

நீங்கள் துப்பினீர்கள். அதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் பொய் சொன்னதாகும். ஒரே ஒருநாள் துப்பினீர்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் ஓடையோரம் போய்த் துப்பிவிட்டு வந்தீர்கள். நெய்யாற்றின்கரை வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, அங்கே ருசிக்காரரே துப்புகிற சரக்கு என்று. வந்த லோடு அப்படியே கிடந்தது.

முதலாளி உங்களைத் திட்டவில்லை. "ஒமக்கு ஒடம்பு சரியில்லன்னா வீட்டுல இரும். நாக்கு வேற கெடைக்கும்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் இதை எங்களிடம் சொல்லும்போது சிரித்தீர்கள். "நாக்கு வேற கெடைக்குமாம்! எனக்க நாக்கு மாதிரி இந்தச் சாலை முழுக்க ஒரு நாக்கு உண்டுமா?" நோயைப் பற்றிய கவலை முகத்தில் இல்லை. நாக்கைக் குறைத்துச் சொன்னதில் வந்த கோபம்தான் இருந்தது. சில நாள் வீட்டில் இருந்தீர்கள். பிறகு நீங்களே போய் நின்றீர்கள். விழுங்கினீர்கள்.

அந்த முதலாளியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவருக்கும் ஷுகர். உங்களுக்கு வருவதற்கு முன்னாலிருந்தே உண்டு. அதனால்தான் அவர் தன் சரக்கைத் தானே வாயில் வைப்பதில்லை. டீயில் சீனி கிடையாது. காலையில் மகன் காரில் கொண்டுபோய் மியூசியத் தோட்டத்தில் விடுவான், வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டு நடப்பார். அவர் ரத்தத்தில் ஏறவேண்டியது எல்லாம் உங்கள் ரத்தத்தில் ஏறியது. அவர் இன்றும் நடக்கிறார்.

நான் உங்கள் பாதத்தைக் குத்திப் பார்த்த நாள் உங்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். விளையாட்டாகத்தான் செய்தேன். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினேன். நீங்கள் பக்கத்தைப் புரட்டினீர்கள். கொஞ்சம் அழுத்தினேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இந்த மந்திரிக்கு வேற ஜோலி இல்ல" என்றீர்கள். இன்னும் அழுத்தினேன். தோலில் சின்னதாக ரத்தப் பொட்டு வந்தது. நீங்கள் அடுத்த செய்தியைச் சத்தமாகப் படித்துக்காட்டினீர்கள். நான் ஈர்க்கை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டுத் தாவணி முனையால் அந்தப் பொட்டைத் துடைத்தேன். அதுவும் உங்களுக்குத் தெரியவில்லை.

அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. சிப்பம் கட்டுகிற கம்பி குத்தியது எப்போது என்றே உங்களுக்குத் தெரியாது. நடந்து நடந்து நல்லதைச் செய்கிறோம் என்று அந்தக் காலோடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். நாற்றம் வந்த பிறகுதான் அம்மா கண்டாள். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். பிறகு காய்ச்சல். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அம்மா கஞ்சியை ஊட்டும்போது, "உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சரியாகச் சொன்னீர்கள். எல்லாம் போன பிறகும் நாக்கு வேலை பார்த்தது. அம்மா மோர் கலந்துகொண்டு திரும்பினபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கேம்ப் வைத்தார்கள். நர்சரிப் பள்ளியில் பெஞ்சு போட்டு, நல்லவிதமாகப் பேசுகிற ஒரு பெண் டாக்டர் வந்தார். அரிசியைக் குறையுங்கள், தினமும் வேகமாக நடங்கள், வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்கள் இளவயதிலேயே கவனிக்கவேண்டும், பழக்கத்தை மாற்றினால் வராமல் தடுக்கலாம் என்றார். எல்லாம் சரிதான். எனக்கும் அது உண்மை என்று தெரியும். நான் எழுந்து கேட்டேன்: "பழக்கத்த மாத்தலாம், டாக்டர். ஜோலியே அதான்னா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "எனக்க ஜோலி பீடி சுத்தறது, அப்போ பீடி குடிக்காண்டாமா?" என்று கூடச் சேர்ந்துகொண்டார். டாக்டரும் சிரித்துவிட்டு, "அது நல்ல கேள்வி" என்றார். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அந்தக் கேம்பில்தான் சுதனை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்கவைத்தேன். பார்டர் என்றார்கள். வயது இருபத்திரண்டு. இப்போது பிடித்தால் பிடிக்கலாம், விட்டால் போய்விடும் என்று அந்த டாக்டரே தனியாக அழைத்துச் சொன்னார். நான் என்னுடையதைப் பார்க்கவில்லை. ஊசி எடுக்கும்போதே எழுந்துவந்துவிட்டேன். நடக்கிறேன், அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நடந்த அதே வழியில்தான், கோட்டை மதிலை ஒட்டி. கொஞ்சம் தாகம் எடுத்தாலும் எத்தனை டம்ளர் குடித்தேன் என்று எண்ணுகிறேன். சாயங்காலம் வந்து உள்ளங்காலை நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். வலிக்கிறது. வலித்தால்தான் சாப்பிடுகிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போன சொத்து இவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை, சட்டையை வாளியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சுதன் வரும்வரைக்கும் காத்திருந்தேன். அவன் மறைக்கவில்லை.

"முதலாளி ஆள் விட்டிருந்தாருக்கா. அப்பாக்க நாக்கு எனக்கு உண்டுமாம். போயி ருசி பாத்தேன், ஒவ்வொண்ணும் கரெக்டா சொன்னேன். அங்க உள்ளவங்களெல்லாம் வாயப் பொளந்து ஞெட்டிப்போயாச்சு."

அவன் முகத்தில் பெருமை. பரீட்சையில் எதிலும் கிடைக்காதது.

"ஒனக்குப் பார்டர்டா."

"ஓணம் வரைக்கும்தானக்கா. பொறவு விட்டுருவேன்."

"அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு."

"அப்பாக்கு வயசாயாச்சு. எனக்கு என்ன? நான் ஷட்டில் ஆடுதேன், ஓடுதேன். எல்லாம் கரிஞ்சுபோகும்."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். மறுபடி உள்ளே போய்க் கோதுமை மாவைப் பிசையத் தொடங்கினாள். பிசைகிற சத்தம் அதிகமாகக் கேட்டது.

இன்று மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆரியசாலைக்குப் போனேன், அப்பா. முதலாளியிடம் ஒன்று கேட்கவேண்டுமென்றுதான் போனேன். ருசி பார்க்கிறவன் துப்பலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் தெருவில் அவர் சொன்னால் மற்றக் கடைக்காரர்களும் கேட்பார்கள். கடை முன்னால் எச்சில் துப்புகிற கோளாம்பி ஒன்றை வைத்து, எல்லாரும் பார்க்கத் துப்பட்டும், அதனால் சரக்கு கெட்டதாகிவிடாது. சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். "ஒங்க அப்பா நல்ல மனுஷன், மோளே" என்றார். "சாயா குடிக்குதியா?" என்றார்.

அப்போது ஆற்றிங்கலிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். முதலாளி, சிப்பங்களுக்கு நடுவே நின்ற சுதனைப் பார்த்தார். உங்களைப் பார்த்த அதே பார்வை. சுதன் வெறுங்காலோடு சிப்பத்தின் மேல் ஒரு முட்டியை ஊன்றி, அதன் வாயைப் பிரித்து, ஒரு உருண்டையை எடுத்துக் கட்டைவிரலால் உடைத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். ஆற்றிங்கல்காரர் ஒரு எட்டு முன்னால் வந்து அவன் கழுத்தைப் பார்த்தார்.

"சுதா, துப்பு" என்றேன்.

முதலாளி ரோட்டைப் பார்த்தார். சுமட்டுக்காரர் ஒருவர் தோளில் சிப்பத்தோடு அப்படியே நின்றார். வியாபாரி என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், திரும்பவும் அவன் கழுத்துக்கே வந்தார். சுதன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாய் மூடியே இருந்தது.

"எல்லாரும் பாக்கட்டும். துப்புடா."